தேர்வுக் குழுவில் மூன்றாமவன்

கண்ணாடியில் ஒரு நீர்த்துளி,
உள்ளங்கை அகலம், அடியில் பித்தளைத் தகடு.
கயானி நகரக் குடிநீர் வாரியம்,
ஆண்டின் சிறந்த ஊழியர்.
பெயருக்கு மட்டும் இடம் விட்டு
அக்டோபரிலேயே வந்துவிட்டது.

குழுவில் நாங்கள் மூன்று பேர்.
பரிந்துரைப் படிவத்தில் ஐந்து கட்டம்:
என்ன நடந்தது? எப்போது?
அவர் என்ன செய்தார்?
யார் பயனடைந்தார்கள்?
புகைப்படம் உண்டா?

ஐலா கெம்ப்பைனனை
யாரோ பென்சிலால் பரிந்துரைத்திருந்தார்கள்.
முதல் கட்டத்தில்: ஒன்றும் நடக்கவில்லை.
இரண்டாவதில்: பதினோரு குளிர்காலமாக.
மற்றவை காலி.

தலைவி ரித்வா சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
எவனோ செய்த குறும்பு என்று
ஓரமாக வைத்தோம்.

ஐலாவின் வேலை இரவு இரண்டு முதல் ஐந்து,
ஊரில் ஒருவரும் குழாயைத் திறக்காத நேரம்.
இரும்புக் கம்பியின் ஒரு முனையை வால்வில் ஊன்றி
மறுமுனையில் காதை வைத்து நிற்பார்.
புருவத்தில் பனி ஏறும்.
நான்கு முழம் மண்ணுக்கடியில் ஒரு மூட்டு
காதும் காதும் வைத்த மாதிரி
கசிந்துகொண்டிருக்கும்,
அவரிடம் மட்டும் சொல்லும்.

காலையில் ஒரு சீட்டு எழுதுவார்.
தெரு, கதவு எண், சத்தத்தின் சாயல்:
"எண்ணெயில் ஈரக் கரண்டி."
"தூக்கத்தில் மூக்கடைத்த குழந்தை."
இரண்டு பேர் போய்த் தோண்டுவார்கள்,
ஒரு வளையம் மாற்றி மூடுவார்கள்.
எட்டு மணிக்கு அந்தத் தெருவில்
காபி கொதிக்கும்.
அவ்வளவுதான்.
இதற்கு எங்கே புகைப்படம்?

ஜனவரி பதினாறு.
பள்ளிக்கூடத் தெருவில் பெருங்குழாய் வெடித்தது.
பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்தேழு.
பேருந்து நிறுத்தம் நின்ற வாக்கில் உறைந்துபோனது,
பெஞ்சில் யாரோ மறந்துவிட்ட குடையோடு.
தனேலி ஹுர்ஸ்கைனன் குழிக்குள் இறங்கினார்.
முப்பத்தொரு மணி நேரம், இடுப்பளவு சேறு.
மேலே வந்தபோது கையுறையை
கத்தியால் அறுத்துத்தான் எடுக்க முடிந்தது.
அவருடைய படிவம் ஐந்து கட்டமும் நிரம்பிப்
பின்பக்கத்துக்கு வழிந்தது.
புகைப்படங்கள் ஏழு.

அவருக்குக் கொடுத்ததில் தப்பில்லை.
இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

விழாவில் சால்மன் வைத்த ரொட்டிக் கேக்,
மேயரின் துணைச் செயலாளர்,
கரகரக்கும் மைக்.
காதில் செருகிய பென்சிலை எடுக்க மறந்து
மேடையேறினார் தனேலி.
"நிறையத் தண்ணி இருந்தது" என்றார்.
"அப்புறம் இல்லை."
அரங்கம் அதிர்ந்தது.
மூன்றாவது வரிசையில் ஐலா
உள்ளங்கை சிவக்கக் கைதட்டினார்.
தனேலி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்,
கைதட்டுவதை நிறுத்தச் சொல்வதுபோல.

எனக்குக் கேக் இறங்கவில்லை.

முந்தின வெள்ளிக்கிழமை
மேசையை ஒழித்துக்கொண்டிருந்தேன்.
அடி இழுப்பறையில் ஒரு சீட்டு.
டிசம்பர் இருபத்தொன்று.
"பள்ளிக்கூடத் தெரு, பதினான்குக்கு எதிரே.
ஈரத்துணியை மெல்லக் கிழிப்பதுபோல்.
அவசரமில்லை. ஆனால் விட்டுவிடக் கூடாது."
அதன் நடுவில், பழுப்பாக,
என் கோப்பையின் வட்டம்.

அன்று நான் கிறிஸ்துமஸுக்கு
ரயில் பிடிக்கும் அவசரத்தில் இருந்தேன்.
அதை யாரும் கேட்கவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

எல்லோரும் போனபின் நடைவழியில்
ஐலா எதிரே வந்தார்.
சட்டைப் பையில் அந்தச் சீட்டு,
நாலாக மடித்து.
கொடுக்கத்தான் வைத்திருந்தேன்.

அவர் நின்றார். தலையைச் சற்றே சாய்த்தார்.
பார்த்தது என்னை அல்ல,
எனக்குப் பின்னால் இருந்த சுவரை.

"ஆண்கள் கழிவறைத் தொட்டி" என்றார்.
"இரவெல்லாம் ஓடும். வளையம் போயிருக்கும்."

"எழுதிக்கொள்கிறேன்" என்றேன்.

"எழுதிக்கொள்வீர்கள்" என்றார் ஐலா,
கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.